இயக்குநர் இறங்கினார், ஆலோசகர் ஏறினார்

அந்த இலாகாவில் இயக்குநரின் கார் ஓட்டுநருக்கு ‘நியூட்ரல்’ என்று பட்டப்பெயர். யார் யாரைத் திட்டினாலும் எந்தப் பக்கமும் சாயமாட்டார். பின்சீட்டில் இயக்குநர் போனில் ஊர்வம்பு முழுவதையும் அளந்தாலும் முன்சீட்டிலிருந்து ‘ம்’ கூட வராது. இப்படியே வாயைத் திறக்காமல் ஓட்டி, ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரே வருடம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அதை மட்டும் தாண்டிவிட்டால் வீட்டில் காலை நீட்டி உட்காரலாம்.

அப்போதுதான் அரசாங்கத்துக்குத் திடீரென்று சிக்கன ஞானம் பிறந்தது. உயர் பதவிகளில் பாதியை ஒழித்து மக்கள் பணத்தைக் காப்பாற்றப் போகிறார்களாம். டீவியில் செய்தி பார்த்த மனைவி ஓடிவந்தாள்.

“உங்க இயக்குநர் சீட்டும் போச்சாமே!”

“போகட்டுமே. வருஷம் பூரா மீட்டிங் மீட்டிங்னு என்னத்தக் கிழிச்சாரு?”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

“எனக்கென்ன? உருளுறது பெரிய தலைங்கதானே!”

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பக்கம் சாய்ந்தார் மனிதர். அதுவும் அரசாங்கத்தின் பக்கம். பாவம்.

பிரிவு உபசார விழா தடபுடலாக நடந்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பணிக்கொடையை வாங்கிக்கொண்டார், திங்கட்கிழமை அதே அறையில் ஆலோசகராக வந்து உட்கார்ந்தார். ஆலோசகருக்குச் சம்பளம் கிடையாது, கட்டணம்தான். அதனால் அது சம்பளச் செலவில் சேராது. கட்டணம் சம்பளத்தைவிட அதிகம் என்பதெல்லாம் வயிற்றெரிச்சல்காரர்கள் பேச்சு.

ஆனால் சட்டம் சட்டம்தானே! ஆலோசகருக்கு அரசு வாகனம் கூடாது. கார் ஏலத்துக்குப் போனது. கார் இல்லாத இடத்தில் ஓட்டுநர் எதற்கு? நியூட்ரலை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வூதியத்துக்கு ஒரு வருடம் குறைகிறதே என்று எல்லோரும் மனதார வருத்தப்பட்டார்கள். வருத்தப்படுவதற்குத்தான் செலவே இல்லையே.

சில நாள் நியூட்ரல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு ஒரு வாடகைக் கார் கம்பெனியில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். முதலாளி சாவியை நீட்டினார். ஏலத்தில் எடுத்த அதே கார். முதல் சவாரி, அதே இலாகா வாசல். பின்கதவைத் திறந்து ஏறியவர் ஆலோசகர்.

“அட, நீயா! நல்லதாப் போச்சு. வாடகைய இலாகா குடுத்துடும்.” கொஞ்ச தூரம் போனதும் கையிலிருந்த நாளிதழைத் தட்டினார். “எங்க பதவியெல்லாம் எடுத்ததுல அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம்னு போட்டிருக்கான் பாரு. உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?”

“புரியுது சார். என் பென்ஷன்தானே அது?”

பின்சீட்டில் நாளிதழ் மடிந்தது.

“ஏசியக் கொஞ்சம் கூட்டு,” என்றார் ஆலோசகர்.