சத்தம் போடாத பெட்டி

வெள்ளானூரில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் ஃபைபர் இழுக்க எந்த கம்பெனியும் வரவில்லை. நாங்களே இழுப்பது என்று முடிவு செய்துவிட்டோம்.

ஒரே இணைப்பை எல்லா வீட்டுக்கும் பிரித்துத் தரும் பெட்டியை வாங்க இன்று கரையான்சாவடி போனேன். அதை வைக்க இடம் தர முன்வந்தது பக்கத்து வீட்டு ரேவதி மட்டும்தான். கைக்குழந்தையோடு அவளும் வந்தாள்.

கடைக்காரர் மலிவாக ஒரு பழைய பெட்டியைக் காட்டினார். நான் தலையாட்டிவிட்டேன்.

ரேவதி விடவில்லை. "ஒருதபா ஓட்டிக் காட்டுண்ணா."

ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே இருந்த ஃபேன் மிக்ஸி மாதிரி அலறியது. குழந்தை வீரிட்டு அழுதது.

"தனி ரூம்ல வச்சிக்கோமா."

"எங்க ஊடே ஒரு ரூம்தாண்ணா. சத்தம் போடாதது இன்னா கீது, அத்த காட்டு."

ஃபேனே இல்லாத ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். "இது பெரிய ஏரியாவுக்குத் தாங்காதுமா."

"எங்களுக்கு ஒரு தெருதாண்ணா."

விலையும் கைக்கு அடங்கியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடேறுகிறதா என்று தொட்டுப் பார்த்தோம். அதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. வாங்கிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கேபிள் இழுக்கிறோம். ஏணி வைத்திருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். "இதெல்லாம் நடக்காது" என்று சொல்ல வருபவர்களும் தயவுசெய்து ஏணியோடு வரவும்.