பெயருக்கு முன்னால் ஊர்

ஆபீஸ் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட தகரக் கொட்டகையில் அன்று இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி. அவள் தம்பி, கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். பாய், மதுரைப் பக்கம் எங்கள் காலண்டருக்கு ஆர்டர் பிடிக்கிறவர். அப்புறம் மெஷின். அதையும் சேர்க்க வேண்டும். கடைசியில் வேலை பார்த்தது அதுதான்.

சிவகாசியில் காலண்டர் போடுகிறவர்களில் நான் சின்ன ஆள். படிப்பு எட்டாவது. அடுத்தவர் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டிவிட்டு, பழையது ஒன்றைச் சொந்தமாக வாங்கிப் போட்டிருந்தேன். ஊரில் அப்போதுதான் தெருவுக்கு ஒரு பிரௌசிங் சென்டர் வந்திருந்தது.

மச்சினன்தான் ஆரம்பித்தான்.

"மச்சான், இனிமே கடைக்காரரு இருந்த எடத்துலயே டிசைன் பாத்து ஆர்டர் போடுவாரு. வெப்சைட்டு வேணும். அதுக்கு மொதல்ல பேரு வேணும்."

பேரில் என்ன இருக்கிறது, வைத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். ஒரு வாரம் ஓடியது. மச்சினனுக்குச் சின்னப் பெயராக வேண்டும். வீட்டுக்காரிக்குச் சாமி பெயர் வேண்டும்.

"சாமி பேரு வச்சா பள்ளிவாசல் காலண்டர எப்படித் தங்கச்சி விக்கிறது?" என்றார் பாய்.

"அப்ப உங்க பேர வச்சிருவமா?"

"வேணாம்மா. கடன் குடுத்தவன் பூரா வெப்சைட்டுக்கு வந்துருவான்."

பெயரை மதிப்பிட பாயிடம் ஒரு வழி இருந்தது. பழக்கமான மளிகைக் கடைக்குப் போன் போடுவார். பெயரைச் சொல்வார். வேறு கதையெல்லாம் பேசிவிட்டு, போனை வைக்கும் முன் கேட்பார்: "மொதல்ல ஒரு பேரு சொன்னேனே, என்ன அது?" கடைக்காரர் வாயில் நின்றால் அது பெயர். நிற்காவிட்டால் அடுத்தது. மூன்று பெயர் நிற்கவில்லை. நாலாவது நின்றது. நின்றதோடு, "நல்லாருக்கு பாய், பேரப்புள்ளைக்கா?" என்றும் கேட்டாராம்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது எங்களுடையதாக இருந்ததே இல்லை.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பட்டாசுப் பெட்டியோ தீப்பெட்டியோ, லேபிளை அடித்து நாலு கடையில் வைத்துவிட்டால் பெயர் நம்முடையது. பிறகு வருகிறவர் வேறு பார்த்துக்கொள்வார். அச்சில் ஏறுவதுதான் எங்களுக்கு உரிமை. அதனால் பெயர் முடிவான அன்றே மெஷினில் ஏற்றினேன். காலண்டர் மாதிரி ஆல்பத்துக்கு மேலட்டை ஐநூறு. நல்ல நீலம். பெயரை ஒட்டியே டாட் காம். நாலு பேரும் நின்று பார்த்தோம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைத் தைத்த ஆல்பம் ஆடிப் பதினெட்டில் வெளியாகும். அன்றைக்கு ஏஜெண்டுகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அன்று நம் ஆல்பம் இல்லை என்றால் அடுத்தவர் ஆல்பம் அவர்கள் பையில் ஏறும். அந்த வருஷ வியாபாரமே போயிற்று. ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

மச்சினன் பெயரைப் பதிய பிரௌசிங் சென்டருக்குப் போனான். திரும்பி வந்தவன் சைக்கிளை ஸ்டாண்டு போடவில்லை. சுவரில் சாய்த்தான்.

"மச்சான், அந்தப் பேர வேற ஒருத்தரு வாங்கி வச்சிருக்காரு. கோயமுத்தூரு. விக்கிறதுக்குன்னே வச்சிருக்காராம். போன் நம்பரும் போட்டிருக்காரு."

"கடை வச்சிருக்காரா?"

"இல்ல. பேரு மட்டும்."

சரக்கு இல்லாமல் பெயர் மட்டும் வைத்திருப்பவரை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. போன் போடச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"பதினஞ்சாயிரம் ஆகுங்க."

"கொறைச்சுக்கோங்க சார்," என்றான் மச்சினன். "அட்டையெல்லாம் அடிச்சிட்டோம் சார்."

"அடிச்சுட்டீங்களா? அப்ப முப்பதுங்க."

போனை வைத்தோம். பாய் தலையில் கை வைத்தார். "ஏலே மாப்ள, மாட்டுத் தாவணிச் சந்தையில ஒன்னய நிப்பாட்டுனா, வாங்க வந்த மாட்டுக்கு நீயே வெலய ஏத்திக் குடுப்பேலே."

பெயருக்கு விலை எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு விளங்கியது. அது பெயரில் இல்லை. நம் அவசரத்தில் இருக்கிறது.

மேலட்டையைப் புதிதாக அடிக்கப் பேப்பர் வாங்கப் பணமில்லை. முப்பதும் இல்லை. நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இங்கன எடது பக்கம் இம்புட்டு எடம் சும்மாதான கெடக்கு?"

"அதுக்கு?"

"ஒரே பேருல நாலு பேரு இருந்தா நம்ம என்ன செய்வோம்? முன்னால ஊரு போடுவோம். ஒங்க பேருக்கு முன்னாலயும் ஊருதான நிக்குது. இதுக்கும் இனிஷியல் போட்டு விடுங்க."

மச்சினன் அட்டையை வாங்கிப் பார்த்தான். சைக்கிளை எடுத்தான்.

"போயி மொதல்ல வாங்கு. போன்ல யார்கிட்டயும் பேசாத!" என்று பாய் பின்னாலிருந்து கத்தினார்.

ஊரோடு சேர்ந்த பெயர் யாரிடமும் இல்லை. சென்டர்காரர் தன் கிரெடிட் கார்டைப் போட்டுப் பதிந்து கொடுத்தார். ஒரு ரீம் பேப்பர் விலைகூட ஆகவில்லை. பதிந்த காகிதம் கைக்கு வந்த பிறகுதான் மெஷினைத் தொட்டேன்.

அட்டை லேமினேஷனுக்குப் போகாதது நல்லதாகப் போயிற்று; பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் மேலே மை பிடிக்காது. ஒரு தீப்பெட்டி லேபிள் ஓடி முடிந்து மெஷினில் சிவப்பு மை கிடந்தது. கழுவ நேரமில்லை. அதிலேயே 'சிவகாசி' என்று ஓட்டினேன். நீலப் பெயருக்கு முன்னால் சிவப்பு ஊர், முடி அளவும் விலகாமல் உட்கார வேண்டும். ஒவ்வோர் அட்டையாக மெஷினுக்குக் கையால் கொடுத்தேன். பாய் பக்கத்தில் நின்று காயப்போட்டார். "நெத்தியில குங்குமம் வச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி," என்றார். பாயே அப்படிச் சொன்னதில் வீட்டுக்காரிக்கு முகம் நிறைந்தது.

ஆடிப் பதினெட்டு. பூஜை முடிந்து ஏஜெண்டுகள் வந்தார்கள். ஒருவர் அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"ஊரத் தனியா செவப்புல எடுத்துக் காட்டுனீக பாருங்க, அங்கன நிக்கிறீக. யாரு யோசனை?"

"டிசைன்," என்றேன். மச்சினன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

சாயங்காலம் கோயமுத்தூர்க்காரர் அவராகவே போன் செய்தார். பத்து என்றார். ஐந்து என்றார். கடைசியில், "நீங்களே ஒரு விலை சொல்லுங்க," என்றார்.

"இனிஷியல் போட்டாச்சு சார்," என்றேன்.

அவருக்குப் புரிந்திருக்காது. வைத்துவிட்டேன். வீட்டுக்காரி ஐநூறில் அலமாரியில் மிச்சம் இருந்த ஆல்பத்தை எண்ணினாள்.

ஏழு.