இறால் உரித்து வாங்கிய டாக்டர் பட்டம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து, பாரிசுக்கு வெளியே ஒரு உணவகம், ஒரு வீடு, ஊரில் தங்கைகளுக்கு ஆளுக்கொரு வீடு, எல்லாம் கட்டினேன். கடைசியாகக் கட்டியது என் மகள் பாத்திமாவின் டாக்டர் பட்டம். சிரிக்காமல் மேலே படியுங்கள்.

இங்கே பக்கத்து வீட்டுக்காரர் தினமும் பிரெஞ்சில் "சா வா?" என்று நலம் கேட்பார். நாம் வாய் திறப்பதற்குள் படியிறங்கிவிடுவார். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். பாத்திமா உளவியலில் ஆராய்ந்தது, குடும்பத்தை ஊரில் விட்டுவந்த நம் ஆண்களின் தனிமையை. பல்கலைக்கழகத்தில் ஓர் அறை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒலிப்பதிவுக் கருவி. போனவர்களெல்லாம் "நல்லா இருக்கேம்மா" என்று எழுந்து வந்துவிட்டார்கள். இப்படியே போனால் தலைப்பை மாற்ற வேண்டும் என்றார் பேராசிரியை. இரண்டு வருட உழைப்பு. பிள்ளை சாப்பிடாமல் கிடந்தாள்.

எங்கள் பக்கம் எவன் எதிரே உட்கார்ந்து மனதைத் திறப்பான்? கல்யாணத்துக்கு முதல் நாள் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். கண் கையில் இருக்கும், கதை தானாக வரும். என் வாப்பா கப்பலில் பட்ட பாட்டைச் சொன்னதே அங்கேதான்.

கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமை அந்த ஆண்கள் எல்லோரையும் உணவக அடுப்படிக்கு அழைத்து, இறாலைக் கொட்டினேன். கருவியைக் காட்டிச் சம்மதம் கேட்ட பிறகே பாத்திமா உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவும் விழிதியூர்க்காரர் கொஞ்ச நேரம் உரித்துவிட்டுச் சொன்னார்: "மவ கல்யாணத்த போன்லதான் பாத்தேன் பாய். பந்தியெல்லாம் காட்டுனாங்க. நான் இங்க தட்டு கழுவிக்கிட்டு நின்னேன்."

யாரும் நிமிரவில்லை. அடுத்தவர் ஆரம்பித்தார்.

"நீங்க மட்டும் ஏன் பாய் கம்முனு உரிக்கிறீங்க? மொதலாளிக்கு தனிமை கெடையாதா?" என்று சீண்டினார்கள். நானும் பேசினேன்.

இதெல்லாம் ஒரு ஆராய்ச்சி முறையா என்று பார்க்கப் பேராசிரியையே வந்தார். இறால் தட்டை நீட்டினேன். சாப்பிட்டாயிற்று என்று நன்றி சொன்னார். சாப்பிட இல்லை, உரிக்க என்றேன். பாதித் தட்டு முடிவதற்குள் தன் தாயாரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். தலைப்பு பிழைத்தது.

போன மாதம் தேர்வுக்குழு அந்த முறையைத்தான் பாராட்டியது. என் மகள் இப்போது டாக்டர். ஆனால் முதல் பக்கத்தில் 'என் தந்தைக்கு நன்றி' என்று ஒற்றை வரி, பெயர்கூட இல்லை. கேட்டால், "உங்க பேச்சும் உள்ள இருக்கு வாப்பா. பேசுனவங்க பேரை மாத்தித்தான் போடணும்" என்கிறாள்.

சரி. உள்ளே வேறு பெயரில் ஊரை நினைத்து அழுகிறவன் அப்படியே இருக்கட்டும். முதல் பக்கத்தில், அடுப்படியை ஆராய்ச்சிக்கூடமாக்கியவர் திருமலைராயன்பட்டினம் முகமது சாலிஹ் என்று, ஊர்ப்பெயரோடு அச்சில் வரவேண்டும்.