ஆலங்குளத்தில் நிற்காத வண்டி

சாரல் விழ ஆரம்பித்தால் என் வீட்டுக்காரருக்குத் தென்காசியில் இருப்புக் கொள்ளாது. அன்று காலையும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்விட்டார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. குளித்து வந்தவர் அத்தனை கூட்டத்துக்கு நடுவில், "ஏட்டி, துண்டை எடு" என்று சத்தம் போட்டார். நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன், கேட்டால்தானே. துண்டை விட்டெறிந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் துண்டு அவர் காலடியில் கிடக்கிறது. வலது கை தூக்க வரவில்லை.

"தண்ணி அடிச்ச அடியில மரத்திருக்கும், நல்லா தேய்ச்சு விடுங்க" என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள். குற்றாலத்தில் எல்லாத்துக்கும் அதுதானே வைத்தியம். எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவர் அவர் கையைப் பிடித்து நீவவும் ஆரம்பித்துவிட்டார். நானும் கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டு நின்றேன். ஆனால் தண்ணீர் விழுந்தது தோளில், வாய் எதற்குக் கோணுகிறது? "என்னைக் கூப்பிடுங்க பார்ப்போம்" என்றேன். கொழகொழவென்று ஏதோ வந்தது. "நீவுனது போதும், விடுங்க" என்று கத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்று கரைக்கிற ஊசியைப் போட்டார்கள். "பெரிய குழாய்ல அடைச்சிருக்கும்மா, ஊசி மட்டும் போதாது. திருநெல்வேலில அடைச்ச ரத்தக்கட்டியை வெளிய எடுப்பாங்க. படத்தை அனுப்பிட்டோம், அங்க தயாரா இருக்காங்க. நீங்க வந்த வண்டியையே போகவிடாம நிறுத்தி வச்சிருக்கோம்" என்றார் டாக்டரம்மா.

அப்போதுதான் பழக்கதோஷத்தில் சுரண்டையிலிருக்கும் அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டேன். பெரியவர் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு மாடுகூடக் கைமாறியதில்லை. "இந்தா கிளம்பி வாரேன். நான் பாக்காம எங்கயும் கொண்டு போகாண்டாம்" என்றார். அத்தான் என்று கூப்பிடுவேனே தவிர, அவருக்கு எதிரில் நான் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அத்தான், காத்துக் கிடந்தா பேச்சே போயிரும்னு சொல்லுதாங்க. நீங்க ஆலங்குளத்துக்கு வந்துருங்க, வண்டி அந்த வழியாத்தான் வருது. ஆனா நிக்காது." சொல்லிவிட்டு அவர் பதிலைக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன்.

ஆலங்குளத்தில் அத்தான் ரோட்டோரமாக பைக்கோடு நின்றிருந்தார். வண்டியைக் கண்டதும் கையைத் தூக்கினார். முன்சீட்டில் இருந்த என்னை டிரைவர் திரும்பிப் பார்த்தார். "போங்க" என்றேன். அத்தான் பைக்கைக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

திருநெல்வேலியில் கட்டியை எடுத்து முடித்து, சாயங்காலம் உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். அத்தான்தான் முதலில் போவார் என்று ஒதுங்கினேன். "நீ போம்மா" என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

வாய்க்கோணல் லேசாக இருந்தது. வலது கைவிரல்கள் போர்வையைப் பிடித்திருந்தன. என்னைப் பார்த்ததும் உதட்டை இரண்டு மூன்று தரம் கூட்டிக் கூட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, துண்டு எங்க?"

நர்ஸுக்கு, பக்கத்துக் கட்டில்காரருக்கு, வாசலில் நின்ற அத்தானுக்கு, எல்லாருக்கும் கேட்டிருக்கும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அங்கனயே கிடக்கு. இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றேன்.