நட்சத்திரம் விழாத கல்

மரக்காணத்தில் எங்கே தோண்டினாலும் களிமண்ணும் உவர்நீரும்தான் வரும். அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் மட்டும் இளஞ்சிவப்புக் கற்கள் குவிந்து கிடந்தன. உப்பு ஏற்றிப் போன லாரியில் அவை வந்து சேர்ந்தன.

லாரியை ஓட்டியவர் அப்பா. சின்ன வயதில் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரியவர், பிறகு ஸ்டியரிங் பிடித்தார். திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைகளுக்கு எங்கள் ஊர் உப்பு போகும். இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், காங்கேயத்துக்கு அருகே ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டுவார். உழுத நிலங்களின் வரப்போரம், கலப்பையில் சிக்குகிறதென்று பொறுக்கிப் போட்ட கற்கள் குவியலாகக் கிடக்கும். பெரும்பாலும் வெள்ளைக் கல். தேடினால் நடுவே ஒன்று, பன்னீர் ரோஜா நிறத்தில் அகப்படும்.

பள்ளி விடுமுறைகளில் நானும் லாரியில் போவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. குவியலில் இறங்கிக் கல் பொறுக்குவது என் வேலை. அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "நல்லதா பாத்து நீயே எடு பாப்பா" என்று முழு அதிகாரத்தையும் எனக்குக் கொடுத்துவிடுவார். அந்த அதிகாரம் எனக்குத் தலைக்கேறியிருந்தது.

கற்கள் சித்திக்காக. சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். தினமும் காலையில் பஸ் ஏறி, பெரிய முதலியார்சாவடிக்குப் பக்கத்தில் இருந்த கல் பட்டறைக்கு வேலைக்குப் போவாள். டாலர், மோதிரக் கல், கம்மல் என்று வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப்போகும் சாமான்கள் செய்யும் இடம். சித்திக்கு பாலிஷ் போடும் வேலை. அவளுக்கோ கல் அறுக்கும் மெஷினில் உட்கார ஆசை. முதலாளி சிரித்துக்கொண்டே, "ரோஸ் கல்லுல நட்சத்திரம் வரவச்சு எடுத்துட்டு வா. அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியாது. சித்தி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில ரோஸ் கற்களுக்குள் முடியைவிட மெல்லிய இழைகள் ஓடும். கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கல்லைச் சரியான பக்கம் பார்த்து அறுத்து, மேற்புறத்தை இட்லி போல வளைவாகத் தேய்த்து, ஒரே ஒரு விளக்கின் கீழே பிடித்தால், உச்சியில் ஆறு கதிரோடு ஒரு நட்சத்திரம் நிற்கும். பக்கம் தவறினால் வெறும் கல்தான். எது சரியான பக்கம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சித்தி கல்லில் தேங்காயெண்ணெய் தடவி, போன் டார்ச்சை அடித்து, திருப்பித் திருப்பி மணிக்கணக்கில் பார்ப்பாள்.

பழைய மோட்டார் ஒன்றை வாங்கி அதில் ரம்பச் சக்கரத்தைப் பொருத்தியிருந்தாள். மேலே ஒரு தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டியிருப்பாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, கல் அறுபடும். சத்தம் பல்லைக் கூசவைக்கும். துணி துவைக்கும் கல்லெல்லாம் சேறாகிறதென்று அம்மா திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள்.

அந்தக் கோடை விடுமுறையில் நான் கண்டெடுத்த கல் என் தலையளவு இருந்தது. சித்தி அதை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியிலிருந்து புறா முட்டை அளவுக்கு ஒரு துண்டு அறுத்தாள். குச்சி நுனியில் அரக்கு வைத்து ஒட்டி, வேலை முடிந்து வந்த பிறகு தினமும் மாலையில் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து வந்ததும், நடு அறையின் கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொன்னாள். இருட்டில் நாங்கள் நான்கு பேரும் பாயில் உட்கார்ந்தோம். சித்தி போன் டார்ச்சை ஏற்றிக் கல்லுக்கு நேரே பிடித்தாள்.

கல்லின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. அவ்வளவுதான். சித்தி கல்லைச் சாய்த்தாள், பொட்டும் நகர்ந்தது. கதிர் எதுவும் பிரியவில்லை.

"வரலக்கா. பக்கம் மாத்தி அறுத்துட்டேன்" என்றாள்.

அப்பா கையை நீட்டினார். "குடு, நான் பாக்கறேன்." டார்ச் வெளிச்சத்தில் கல்லைப் பிடித்துப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "வந்திருக்குதே. அழகா வந்திருக்குது."

"விளையாடாதீங்க மாமா."

"நான் ஏன் விளையாடறேன்? சுத்திலும் கோடு கோடா நிக்குது பாரு."

நான் எட்டிப் பார்த்தேன். பொட்டுதான் இருந்தது. சித்தியை ஆறுதல்படுத்துவதற்காக அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்து, நானும் "ஆமா சித்தி, இருக்குது" என்றேன்.

சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. கல்லையும் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் கிடந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"இதுல என்ன மாமா தெரியுது?"

"இதுலயும் இருக்குது."

சித்தி டார்ச்சையே அவர் பக்கம் திருப்பினாள். "இதுல?"

"அதுலதான் பெருசா இருக்குது" என்றார் அப்பா. "லைட்டுன்னா அப்படித்தானம்மா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். திரும்பி வந்து, அப்பாவின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். மற்றொரு கையின் மூன்று விரல்களை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி, "இது எத்தினி?" என்று கேட்டாள்.

"காட்டு, சொல்றேன்" என்றார் அப்பா.

அம்மாவின் விரல்கள் அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. பகல் வெளிச்சம் அவற்றின் மேல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அம்மா கையை இறக்காமல் அப்படியே நின்றாள். அந்த மூன்று விரல்களை நானும் சித்தியும் பார்த்தோம். அப்பா மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் எல்லோரும் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடது கண்ணில் புரை முழுக்க மூடிவிட்டது, வலது கண்ணிலும் பாதி ஏறிவிட்டது என்றார் டாக்டர். அதனால்தான் விளக்கைப் பார்த்தால் வெளிச்சம் சிதறிக் கதிர் கதிராகத் தெரிகிறதாம். இந்த வயதில் இப்படி ஆகக் காரணம் என்ன என்று யோசித்துவிட்டு, ஊர் மரக்காணம் என்றதும் உப்பளத்து வெயிலைப் பற்றி ஏதோ கேட்டார். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதைக் கடைசியில்தான் கேட்டார். லாரி டிரைவர் என்று அம்மா சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"நைட்லயும் ஓட்டுறீங்களா?"

"பழக்கம் சார்" என்றார் அப்பா.

வெளியே வராந்தாவில் அம்மா என்னை ஒரு மூலைக்கு அழைத்துப் போனாள். கிளீனர் வேலையை விட்டுப் போன பிறகு அப்பா வேறு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. பள்ளி நாட்களில் பக்கத்து ஊர்களுக்குப் பகலில் போய்வருவார். தூரத்துச் சவாரியெல்லாம் என் விடுமுறையில்தான். மகளைப் பிரிந்திருக்க முடியாத மனிதர் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள். இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரில வர்றப்ப அப்பா எப்படி ஓட்டுவாரு?" என்று கேட்டாள்.

நான் எங்கள் விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். இருட்டியதும் அப்பா, "எதிர்ல என்ன வருது பாப்பா?" என்று கேட்பார். நான் பஸ்ஸா, லாரியா, பைக்கா என்று சொல்ல வேண்டும். ஓரத்தில் சைக்கிள் போகிறதா, மாடு நிற்கிறதா, ரோடு எந்தப் பக்கம் வளைகிறது, எல்லாம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டால் எனக்கு ஜெயிப்பு. டீக்கடையில் பட்டர் பிஸ்கட் கிடைக்கும். "எப்பவும் நான்தாம்மா ஜெயிப்பேன்" என்றேன்.

அம்மா என் தோளை விடவில்லை. அதனால் நானே மேலும் சொன்னேன். ஒருமுறை நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது லாரி ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றது. அப்பா விடியும்வரை என்னை எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அம்மா வராந்தாத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்ல புடவை, ஈரத் தரை, போகிற வருகிற ஜனம், எதையும் அவள் கவனிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டியது. "விடும்மா" என்றேன். அவள் விடவில்லை. சித்தி ஓடிவந்து, "என்னாச்சுக்கா?" என்று கேட்டபோதும் அம்மா நிமிரவில்லை. என் தலையையும் கை கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், எங்கேயோ விழுந்து எழுந்து வந்தவளைப் பார்ப்பதுபோல.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நடந்தது. பார்வை நன்றாகவே திரும்பியது. ஆனால் அவர் மறுபடியும் லாரி ஏறவில்லை. எடை மேடையில் வேலைக்குச் சேர்ந்தார். சித்தி, மிச்சமிருந்த பாதிக் கல்லை வேறு பக்கம் திருப்பி அறுத்தாள். அதில் ஆறு கதிரும் கோடு போட்டது போல விழுந்தன. பட்டறையில் அறுக்கும் மெஷின் அவள் கைக்கு வந்தது. ஆனாலும் வீட்டில் அந்தக் கல்லைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அம்மா மாதக்கணக்கில் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இதையெல்லாம் நான் மெதுவாகத்தான் சேர்த்துப் புரிந்துகொண்டேன்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது வேறு. முதல் ஆபரேஷன் முடிந்து, இடது கண்ணில் கட்டோடு அப்பா வார்டில் படுத்திருந்தார். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். விளையாட்டைப் பற்றிச் சொன்னதிலிருந்து அம்மா இப்படி ஆகிவிட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஏதோ ஒரு வளைவில் நான் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும். லாரியைப் பஸ் என்றோ, இடது பக்கத்தை வலது என்றோ. யோசித்து யோசித்துப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை. கட்டில் ஓரத்தில் போய் நின்றேன்.

"அப்பா, நான் எதுனா தப்பா சொல்லிட்டேனா?"

அப்பா என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டார். திறந்திருந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணை நனைந்தது. பிறகு கட்டுக்கு அடியிலிருந்தும் ஈரம் கசிய ஆரம்பித்தது. கட்டுப் போட்ட கண்ணில் ஈரம் படவே கூடாதென்று நர்ஸ் அவ்வளவு தூரம் சொல்லியிருந்தார்.

வலி தாங்காமல்தான் அப்பா அழுகிறார் என்று நினைத்தேன். கையை உதறிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.