நாலு நாள் பயணத்துக்கு ஒரு கடிதம்

மலைக்குப் போகிற யோசனை மகளுடையது, பயம் என்னுடையது. கணவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். அவர் வாடகைக்குப் பிடிக்கும் வான் வண்டியின் பிறேக் நல்லதா என்று மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நாங்கள் அக்கரையிலிருந்து, அதாவது தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து, எங்கள் தீவு ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பி மூன்று வருடம் ஆகியிருந்தது. மகள் அந்த முகாமில் பிறந்தவள். உயர்தரச் சோதனை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்தவள், சிநேகிதி ஒருத்தியின் போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டாள். பச்சைச் சரிவில் ஒரு பலகை வீடு, வாசலில் மூடுபனி. அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

ஒரு கிழமைக்குள் கொப்பியில் நாலு பக்கம் எழுதிவிட்டாள். உயிலங்குளம், மடுச் சந்தி, மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை, கண்டி, நுவரெலியா என்று பாதை ஒரு பக்கம். முதல் நாள் தேயிலைத் தோட்டத்துப் பலகை வீட்டில் தங்க வேண்டும், இரண்டாம் நாள் கூடாரத்தில் படுக்க வேண்டும், மூன்றாம் நாள் விடியப் புறப்பட்டு மலை விளிம்பு வரை நடக்க வேண்டும். போக ஒன்பது கிலோமீற்றர். அதை அவள் சிவப்புப் பேனையால் கீறி அடியில் கோடும் போட்டிருந்தாள்.

“ஆரும் துரத்தாமல் ஏன் பிள்ளை நடப்பான்?” என்று கேட்டேன்.

“பாக்கிறதுக்கம்மா. மேல போனால் முழு நாடும் தெரியுமாம்.”

“நாட்டைப் பாத்தது போதும்.”

“நீங்கள் பாத்தனீங்கள். நான் எங்க பாத்தனான்?”

எங்கள் தீவில் ஏறுவதற்கு ஒன்றும் கிடையாது. கோயில் மணிக்கூண்டு, தண்ணீர்த் தாங்கி, அவ்வளவுதான். முகாமிலும் அதே தட்டை நிலம். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு மலையைக் கண்ணால் கண்டதில்லை என்றால் அது யாருடைய பிழை? என்னுடையதில்லை என்று சொல்லிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. சரி, போவோம் என்றேன். சொன்ன நிமிடத்திலிருந்து அவளுடைய பத்திரங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவள் என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. மகளிடம் அடையாள அட்டை இல்லை. அக்கரையில் பிறந்தபடியால் அவளுக்கு முதலில் குடியுரிமைப் பத்திரம் வரவேண்டும். அந்த விண்ணப்பம் கொழும்பில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் இரண்டு வருடமாகக் கிடந்தது. பத்திரம் வராமல் அட்டை இல்லை. அட்டை இல்லாமல் மேல்படிப்பும் இல்லை, அரசாங்க வேலையும் இல்லை. வழியில் யாராவது வானை மறித்து இந்தப் பிள்ளை யார் என்று கேட்டால், காட்டுவதற்கு என் கையில் இருந்தது அக்கரைப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதைப் பார்த்துவிட்டு அவளை மட்டும் இறக்கினால்? இறக்காவிட்டாலும், அவள் பெயருக்குப் பக்கத்தில் எவனாவது எதையாவது எழுதிவிட்டால்? அந்த எழுத்து கொழும்புக்குப் போய், அந்தக் கந்தோரில், அந்த விண்ணப்பத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டால்?

முகாமில் இருக்கும்போதே மதவாச்சிச் சோதனைச் சாவடியின் கதைகள் கடல் தாண்டி எங்களிடம் வந்துவிடும். பஸ்ஸால் இறக்குவார்களாம், பையை அவிழ்ப்பார்களாம், ஆளை நிறுத்திவைப்பார்களாம். இப்போது அங்கே ஒன்றுமில்லை, வெறும் சந்திதான் என்று வான்காரர் சொன்னார். அவர் எருக்கலம்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் மனிதர், மாதம் இரண்டு தரம் கண்டிக்குப் போய் வருகிறவர். “பயப்படாதீங்க தங்கச்சி, இன்ஷா அல்லாஹ் அலுங்காமல் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுறன்” என்றார். அவருக்கு அட்டை இருக்கிறது, சொல்லுவார்.

அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் முகாமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு விசர் என்று நினைப்பீர்கள். பதினாறு வருடம் நாங்கள் கேட்காமல் எங்கேயும் போனதில்லை. பக்கத்து ஊரில் ஒரு சாவீடு என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும்: யார், எங்கே, எதற்கு, எத்தனை நாள். குறிப்பிட்ட நாளில் அதிகாரி வந்து வேப்பமரத்தடியில் மேசை போட்டு இருப்பார். அதற்குப் பெயர் செக்கிங். வீட்டு இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டதும் குடும்பமாகப் போய் முன்னால் நிற்க வேண்டும். எங்கள் இலக்கம் பதினேழு. அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். வெட்டின பெயரைத் திரும்பச் சேர்க்க நாய் படாத பாடு படவேண்டும். ஆகவே காய்ச்சலென்றாலும் போய் நின்றோம், மழையென்றாலும் போய் நின்றோம். சின்ன வயதில் மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், காலால் மண்ணைக் கீறி விளையாடுவாள். இங்கே வந்த பிறகு அவளுக்கு அதெல்லாம் விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டு யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் போவதா? எனக்கு அது களவு மாதிரி இருந்தது. கணவருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. ஒரு முழுத்தாளை எடுத்து, கனம் ஐயா என்று தொடங்கி, மூன்று பேரின் பெயரையும், வான் இலக்கத்தையும், தங்கும் இடங்களையும் மகளின் கொப்பியைப் பார்த்து அப்படியே எழுதினேன். மகளுடைய பெயருக்கு நேரே, அட்டை கிடைக்கவில்லை, விண்ணப்பித்துள்ளோம் என்றும் எழுதினேன். மறைத்தால்தானே குற்றம்?

எங்கள் கிராம அலுவலரான விதானையாரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு தரம் படித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, இதை ஏன் எனக்குக் கொண்டு வந்தனீ?”

“ஒரு சீல் குத்தித் தாங்கோ ஐயா. வழியில காட்ட.”

“நுவரெலியாவுக்குப் போக ஆர் பிள்ளை சீல் கேக்கிறான்? போட்டு வாங்கோ. வரேக்க கரட்டும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

சிரித்துக்கொண்டே கடிதத்தைத் திருப்பித் தந்தார். நல்ல மனிதர். நான் அத்தோடு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். சீல் இல்லாத தாளோடு வீட்டுக்கு வர எனக்குக் கால் வரவில்லை. நேரே பொலிஸுக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்தவர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒரு பைலுக்குள் வைத்துக்கொண்டார். பிரதி தாருங்கோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீடு வந்து சேரும்போது மனம் லேசாக இருந்தது. இனி என்ன, சொல்லியாயிற்று.

கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் படலையடியில் வந்து நின்றது. சீருடை இல்லாமல் சிவில் உடுப்பில் ஒரு பொலிஸ் ஆள், கையில் ஒரு சின்னக் கொப்பி. நான் கதிரை எடுத்துப் போட்டேன். மகள் குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் முற்றத்தில் ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டபடி கையெல்லாம் கிறீஸோடு எழுந்து நின்றார்.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயம். “நாலு நாள் போறது எதுக்கு? காட்டுக்குள்ள நடக்கிறது எதுக்கு? கூடாரம் யாருடையது? கூட யார் வாறது?” ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றாக எழுதினார். மலை, காடு, கூடாரம், ஒன்பது கிலோமீற்றர் நடை, அட்டை இல்லாத இளம் பிள்ளை. ஐயோ, என் கையாலேயே அல்லவா இதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளைக் கூப்பிட்டார். எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய் என்று கேட்டார். அவள் நிமிர்ந்து நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கொப்பியைக் கொண்டுவந்து நாலு பக்கத்தையும் காட்டினாள். சிவப்புக் கோடு போட்ட இடத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்தார். திரும்பி வந்தவுடன் சொல்லுங்கள் என்றார், போய்விட்டார்.

படலை சாத்தியதும் மகள் என் பக்கம் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஆரும் கேக்காத கேள்விக்கு ஏனம்மா பதில் எழுதிக் குடுத்தனீங்கள்?”

எனக்குக் கோபம் வந்தது. குற்றவாளிக்குத்தான் கோபம் கூடுதல். “உனக்கென்ன தெரியும்? நீ பட்டனியா?” என்று பாய்ந்தேன். அவள் கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் குசினியில் இருந்து அழுதேன். பிள்ளையின் பத்திரத்துக்கு நானே கொள்ளி வைத்துவிட்டேன் என்று அழுதேன்.

மாலையில் கணவர் சொன்னார், “சரி, விடு. போகாமல் விடுவம்.”

“விடேலாது” என்றேன்.

“என்ன விடேலாது? நீதானே வேண்டாம் எண்டு நிண்டனீ?”

“போறம் எண்டு எழுதிக் குடுத்தாச்சு. போகாட்டி, ஏன் போகேல்லை எண்டு கேப்பினம். பேந்து அதுக்கென்ன சொல்லுறது?”

அவர் கை துடைக்கும் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பயணத்துக்கு எங்கள் வீட்டில் என்னைப் போல் அவசரப்பட்டவர் வேறு யாருமில்லை. கடிதத்தில் எழுதின நாளில், எழுதின நேரத்துக்கு, எழுதின வானில் ஏறியாக வேண்டும் என்று இரண்டு பேரையும் விரட்டினேன். கருவாடு வேண்டாம், வான் நாறும் என்று மகள் வெளியே எடுத்து வைக்க, நான் திரும்பவும் கட்டினேன். பாம்பு அண்டாமல் இருக்க மடு மாதா கோயில் மண் ஒரு பொட்டலம். எல்லாப் பத்திரமும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு என் இடுப்போடு.

மதவாச்சியில் வான் நிற்கவே இல்லை. நான் கண்ணை மூடி மாதா மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். திறந்தபோது, “அது போய் அரை மணித்தியாலமாச்சு” என்றார் வான்காரர். கண்டிக்கு மேலே வளைவுகள் தொடங்கின. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. கடலில் காற்றுக்கு அசையாத என் கணவர் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மகள் மட்டும் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டிச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. பலகை வீட்டில் ஒரு குறையும் இல்லை. பொழுது விடியும்வரை நான்தான் கதவுத் தாழ்ப்பாளை எழும்பி எழும்பிப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் கூடாரத்துக்கு வந்தோம். புல்வெளியில் ஆறேழு கூடாரங்கள் வரிசையாக நின்றன. அந்த வரிசை முகாம் வீடுகளின் வரிசை போலவே இருந்தது. மகள் அதைக் கவனிக்கவில்லை, தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் குந்தியிருந்து, நாளைக்கு ஏறப்போகும் மலையைத் தகப்பனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். குளிர் ஏறியது. ஆறு மணியிருக்கும், அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதர் ஒரு கொப்பியும் டோர்ச்சுமாக ஒவ்வொரு கூடாரமாக வந்தார். மலையகத்துக்காரர். அவருடைய பேச்சு அச்சாக அக்கரைப் பேச்சுத்தான்.

“ஏங்க, இங்க எத்தனை பேருங்க?”

நான் வாயைத் திறக்க முன்னம் மகள் எழுந்துவிட்டாள். கோப்பை புல்லில் உருண்டது. இரண்டு கையையும் உடம்போடு சேர்த்துக்கொண்டு, கூடார வாசலில் நேராக நின்றாள். வீட்டில் இப்போது அவள் பேசாத அந்தத் தமிழில், சின்னப்பிள்ளைக் குரலில், ஒரே மூச்சில் சொன்னாள்:

“பதினேழாம் நம்பர் சார். மூணு பேர். எல்லாரும் இருக்கோம் சார்.”

சொல்லிக்கொண்டே ஒரு கையைப் பின்னால் நீட்டி என் சேலைத் தலைப்பைத் தேடினாள்.

அந்த மனிதர் டோர்ச்சைத் தாழ்த்தினார். “இல்லம்மா. ராத்திரிக்கு ரொட்டி எத்தனை சுடணும்னு கேட்டேன்” என்றார்.

சிவில் உடுப்புக்காரருக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற பிள்ளை. இத்தனை நாளும் நான் மதவாச்சிக்குப் பயந்தேன், பொலிஸுக்குப் பயந்தேன், கொழும்புக் கந்தோருக்குப் பயந்தேன். வேப்பமரத்தடி மேசை அவளுக்குள் இருப்பதை நான் பார்க்கவே இல்லை. குடியுரிமைப் பத்திரம் அடுத்த வருடம் வந்தது, அட்டையும் வந்தது. ஆனால் நான் உண்மையில் பயந்தது அந்தப் புல்வெளியில் அவள் அப்படி நின்ற நிமிடத்தில்தான், அதைவிடப் பெரிய பயம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பிறகும் இல்லை.

ஆறு ரொட்டி என்று கணவர் சொல்லி அவரை அனுப்பினார். மகள் இன்னும் நின்றபடியே இருந்தாள்.

“அம்மா, நான் இப்ப என்ன சொன்னனான்?”

நான் அவளுடைய கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினேன். கை குளிர்ந்திருந்தது.

“மூண்டு பேர் எண்டு சொன்னனீ” என்றேன். “சரியாத்தான் சொன்னனீ.”