எட்டாவது கோடு

என் கூட்டாளி சந்தனத்தைக் காவலர்கள் பிடித்தபோது, அவனை அந்த இடத்திலேயே விடுவித்திருக்கக்கூடிய கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதைக் கொடுக்கவில்லை. பஸ் ஏறிக் கண்டிக்கு வந்துவிட்டேன்.

இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்... உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால். முகம் தெரிந்தவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பிறகு கண்டியில், ஒரு சந்துக்குள் இருந்த ரேடியோ திருத்தும் கடையில் வேலை. முதலாளியை நானா என்று கூப்பிடுவோம். மனிதர்கள் பேசினால் எனக்கு வியர்க்கும். ஆனால் ஒரு ரேடியோ பேசாமல் போனால் போதும், உடம்பெல்லாம் உற்சாகம்!

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் ஒரு சிங்களப் பெரிய மனிதர் கடைக்கு வந்தார்; மாத்தயா என்று கூப்பிட்டோம். சிறு விமானம் ஓட்டுபவர். கைக்குள் அடங்கும் ஒரு கருவியை மேசையில் வைத்தார். ஜிபிஎஸ்! ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி, விமானம் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி. அன்றுவரை அதன் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. பறக்கும்போது சமிக்ஞை அறுந்துபோகிறது என்றார். அதுவும் மலைக்கு மேலே, மூடுபனிக்குள்!

கூடவே ஒரு கடிதம் தந்தார். நீல முத்திரை குத்தியது. தனக்குத் தெரிந்த தமிழில் இரண்டு தடவை சொன்னார்: "இது எங்க போகுது, இந்தக் கடிதமும் அங்க போக வேணும். இல்லாட்டி பெரிய கரைச்சல்."

சிங்களத்தில் இருந்ததால் என்னால் அதை வாசிக்க முடியவில்லை. கருவி அவருடையது, திருத்தத் தந்தது என்று எழுதியிருந்தது என்பது மட்டும் தெரியும். இதை நீங்கள் மறந்துவிட வேண்டாம்.

இரண்டு நாள் சோறு தண்ணீர் மறந்து அதோடு கிடந்தேன். புது பேட்டரி போட்டேன். திரையில் ஒரு கோடுகூட எழும்பவில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு கோடு எழும்ப வேண்டும். சமிக்ஞை உறுதியானால் அது கறுப்பாக வேண்டும். நானா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தகரக் கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு வானத்தத் தேடுறீங்களே மகன்! அல்லாஹ்வே, ஒங்கட மூளைக்கும் ஒரு ஏரியல் போடோணும்!"

வெட்கத்தில் காது சுட்டது. பின்கதவுக்குப் போனேன். அங்கே இரண்டு சுவர்களுக்கு நடுவே கையகல வானம். மூன்று கோடுகள்! கருவியோடு வந்த ஏரியலின் வயரைச் செருகினேன்... மூன்றும் செத்தன. கழற்றினேன்... மூன்றும் எழுந்தன!

புரிகிறதா உங்களுக்கு? வயரைச் செருகியதும் கருவி தன் சொந்தக் காதை மூடிவிட்டு, வயர் வழியாக மட்டுமே கேட்கிறது. அந்த வயர் செத்திருந்தால் அது முழுச் செவிடு! மீட்டரை வைத்து வயரை ஆட்டினேன். ஏரியலின் அடியில் முள் துள்ளியது. மாத்தயா ஒவ்வொரு தடவையும் வயரைக் கருவியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறார். உள்ளே செப்புக் கம்பி முறிந்து, ஆடினால் பிரிந்து, நின்றால் ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டி, புதிதாக ஈயம் வைத்தேன்.

ஆனால் கையகல வானத்தில் அதைச் சோதிப்பது எப்படி? கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே குழிக்குள் கிடக்கிறது. எனக்கு முழு வானம் வேண்டும். அந்த மனிதர் இதை நம்பிப் பனிக்குள் பறக்கப் போகிறவர்.

சந்தனத்தைக் கேட்டேன். த்ரீவீலர் ஓட்டுபவன், என் ஒரே கூட்டாளி. குட்ஷெட் பஸ் நிலையத்தில் அவன் ஆள் கூப்பிட்டால் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

"தெல்தெனியப் பக்கம் போவோம் மச்சான். தண்ணிக்கு மேல வானம் எம்புட்டு வேணும்னாலும் இருக்கு, அள்ளிக்க!" என்றான்.

அணைக்கட்டு நீர் விரிந்து கிடக்கும் இடம். வெட்டவெளி. யுத்த காலத்தில் அங்கே காவல் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! எட்டுக் கோடு, ஒன்பது கோடு என்ற நினைப்பில் எனக்கு அறிவு நின்றுபோயிருந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். போய்ச் சேர்ந்ததும் அவனிடம் கொடுக்க வேண்டும் என்றுதான்.

வளைவில் வண்டியை நிறுத்தினான். கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது.

"நீ போ சந்தனம். நல்லா சிங்களம் பேசுவ. ஒன்னைய யாரு என்னா கேக்கப் போறா?" என்றேன்.

"நீ பயந்தாங்கொள்ளின்னு ஊருக்கே தெரியும், சும்மா குந்தியிரு" என்று சிரித்துக்கொண்டே போனான். பாறைமேல் ஏறி, ஏரியலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். நான் வண்டிக்குள் இருந்தேன். வரும் கோடுகளை எண்ணிக் கத்தச் சொல்லியிருந்தேன். ஆமாம், கத்தச் சொன்னவனும் நான்தான்!

"நாலு மச்சான்!"

"கறுப்பா, வெள்ளையா?"

"கறுப்பு! அஞ்சு! ஆறு!... ஏழு!"

வண்டிக்குள்ளேயே துள்ளினேன். வெட்டவெளியில் ஒருவன் ஏரியலைத் தூக்கிப் பிடித்துத் தமிழில் எண்ணிக் கத்துகிறான்... கேட்பவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அந்த நேரம் எனக்கு அது இசை.

"எட்டு! எட்டு வந்திருச்சு மச்சான்!"

அப்போதுதான் பாறைக்குப் பின்னாலிருந்து சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். அது என்ன என்று சிங்களத்தில் அதட்டினார்கள். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கடிதம் விரலில் பட்டது.

இருபது அடி தூரம். இருபதே அடி!

கலவர காலத்தில், கடைத்தெருவில், திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்ட கால்கள் என்னுடையவை. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. கால்கள் தாமாகவா நடந்தன? நான்தான் நடத்தினேன். வண்டியின் மறுபக்கம் இறங்கி, மரங்களுக்குள் புகுந்து, கீழ் ரோட்டுக்கு வந்தேன். கண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை அவன் மனைவி மரகதம் கடைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, ராத்திரி பூரா அவரு வரல. ஒங்களோடதானே போனாரு?"

"நான் ஒதுங்கிட்டு வந்து பாத்தா ஆளக் காணல தங்கச்சி, பஸ்ல வந்துட்டேன்" என்றேன். நாக்கு எழும்பாத எனக்கு அன்று பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

சந்தனம் கருவியோடு காவலில் சிக்கியிருப்பான் என்று நானாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "மாத்தயா தந்த கடிதம் எங்க?" என்று இழுப்பறைகளைக் கவிழ்த்தார். அவர் முதுகைக் காட்டிய நேரத்தில், நான் அதைப் பையிலிருந்து எடுத்துப் பழைய ரேடியோப் பெட்டிக்கு அடியில் தள்ளினேன். பிறகு, "இந்தா இருக்கு நானா!" என்று நானே கண்டுபிடித்தேன். மரகதம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்டாள்... கேட்கிறீர்களா?

நானா மாத்தயாவைத் தேடிப் பிடித்துக் கடிதத்தோடு கூட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் மாலை சந்தனம் வெளியே வந்தான். அந்த மூன்று நாளைப் பற்றி அவன் இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஆனால் அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் வலது காதைத்தான் திருப்புகிறான். வயரில் முறிவு எங்கே என்று கண்டுபிடிக்கிறவனுக்கு இது தெரியாமல் போகுமா?

வந்ததும் என்னிடம் முதலில் சொன்னது இதுதான்:

"நீ ஒண்ணுக்குப் போன நேரமாப் பாத்து வந்தானுங்க மச்சான். நல்லவேள! தனியாத்தான் வந்தேன்னு சொல்லிட்டேன். நீயா இருந்தா அங்கயே உசுர விட்டிருப்ப!"

பிறகு குரலைத் தாழ்த்தி, கண் மின்னக் கேட்டான்:

"எட்டு வந்துச்சே, கேட்டுச்சா?"

கேட்டது என்றால், நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டி வரும்.

"கேக்கலயே" என்றேன்.

"அட பாவி! எட்டு மச்சான்! எட்டும் கறுப்பு!"

அந்தக் கருவி மாத்தயாவோடு நன்றாகப் பறந்தது. ஒருநாளும் அறுந்துபோகவில்லையாம். என் வேலையிலேயே சிறந்த வேலை அது. இப்போதும் நினைத்தால் நெஞ்சு துள்ளுகிறது... துள்ளுவதுதான் பயங்கரம்!

சந்தனம் இன்றும் என் கூட்டாளி. தேநீர்க் கடையில் புதிதாக யாராவது வந்து உட்கார்ந்தால், கையை மேலே தூக்கி அந்தக் கதையைத் தொடங்குவான். நாலு, அஞ்சு, ஆறு என்று ஏறுவான். "பாவம், இவனுக்குத்தான் கேக்கக் குடுத்து வைக்கல" என்று என் தோளைத் தட்டுவான். பிறகு "எட்டு!" என்று கத்துவான்.

ஒவ்வொரு தடவையும், முதன்முதலாகக் கேட்பவனைப் போல நான் முகத்தை வைத்துக்கொள்கிறேன்.